இஸபெல்லாவின் புத்தகம்

கார் இல்லை. புத்தகம் இருக்கிறது.
மண்ணிறத் துணி அட்டை, மூலையில் கறள்.
குண்டூசியின் கறள்தான்.

தெகிவளையில் இருந்து கப்ரியல் என்று ஒருவர்
மூன்றாம் தரம் எடுக்கிறார்.
"அன்ரி, என்னட்டைக் கார் இருக்கு, புத்தகம் இல்லை.
உங்களிட்டைப் புத்தகம் இருக்கு, கார் இல்லை."
பொருத்தம் பார்த்து முடித்த தரகர் மாதிரிச் சிரிக்கிறார்.

நான் பக்கம் புரட்டுகிறேன்.

வகை: போர்க்வார்ட் இஸபெல்லா.
செய்த ஊர் பிரேமன். அதுவும் துறைமுகமாம்.
ஆயிரத்து நானூற்றுத் தொண்ணூற்று மூன்று சீசீ.
முதற் சொந்தக்காரர் டொக்யார்ட்டில் கணக்கெழுதிய டி வோஸ்.
வெள்ளைக்காரன் தளத்தைக் கையளித்துப் போன
மறு வருஷம் இறக்கியது.
நிறம் என்ற இடத்தில் அவர் எழுத்தில் 'சாம்பல்'.
இலக்கத் தகட்டில் சிங்கள ஸ்ரீ.
தார் வாளியோடு பெடியள் திரிந்த காலம்;
ஓர்ஸ் ஹில் ஏற்றத்தில் மறித்துப் பூசினார்களாம்.
மண்ணெண்ணெய்த் துணியால்
பாதிதான் துடைத்தாராம் மனுஷன்.

அந்நேரம் ஜெர்மனியில்
ஒப்பல் ரெக்கோர்ட் தெருவெல்லாம் ஓடியது.
ஃபோர்ட் டவுனஸ் ஓடியது.
பென்ஸ் நூற்றியெண்பது வாடகைக்கு ஓடியது.
பெரிதுமில்லை, சிறிதுமில்லை;
போரில் தோற்றவர்கள்
ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகுட்டியோடு
வெளிக்கிட என்று எடுத்த கார்கள்.
இஸபெல்லா அவற்றுக்குள் வடிவானவள்.
அறுபத்தொன்றில் கொம்பனி விழுந்தது.
இங்கே இவளுக்கு மூன்று வயது.
பிறகெல்லாம் தாய்வீடு இல்லாத சீவியம்.

இரண்டாம் பெயர் கிண்ணியா சீனிலெப்பை, மரக்காலை.
பாதையில் ஏற்றி, இறக்கி, ஏற்றி
உப்புத்தண்ணி கதவடிகளைத் தின்றது.
நிறம் 'பச்சை'.

மூன்றாவது கோணாமலை.
நிறத்தை அவர் நிரப்பவே இல்லை.
"பார்க்கிறவனுக்குத் தெரியும்தானே."
மொறிஸ் ஒக்ஸ்போர்ட்டின் ரேடியேற்றர்.
பெற்றோல் பம்புக்குள் அவரே வெட்டிய தோல்.
முகப்பில் விழுந்துபோன சாய்சதுரத்துக்கு
என் பித்தளைத் தட்டில் ஒரு துண்டு.
கலியாணங்களுக்கு ஓடினார்.
அந்தியேட்டிக்குக் கன்னியாவுக்கும் ஓடினார், அதே காசு.
கோட்டை வாசலில் மான் குறுக்கே நின்றால்
ஹோர்ன் அடிக்க மாட்டார்;
எஞ்சினை நிற்பாட்டிச் சுருட்டுப் பற்றவைப்பார்.
பக்கத்தில் இருக்கிற எனக்குப் பத்திக்கொண்டு வரும்.

தொண்ணூறு ஆனி, ஒரு புதன்.
நிலாவெளிப் பக்கம்
பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தியை ஏற்றப் போனார்.
சோக்கை இழுத்து ஸ்ராட் பண்ணினவர்
அப்படியே கேற்றைத் தாண்டிவிட்டார்.
கருப்புப் புகை.
குசினிக்குள் நின்று கத்தினேன்.

அடையாள அட்டைப் பிரதி
கேட்ட இடமெல்லாம் கொடுத்தேன்.
மூன்று ஆணைக்குழு. ஒரே கேள்விகள்.
காரைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

"சசி நம்பரை வாசியுங்கோ."
கப்ரியல் வாசித்தார்.
ஒவ்வொன்றாய் விரல் வைத்து வந்தேன்.
சரி. சரி. சரி.
எனக்கு நாக்கு வறண்டது.
கடைசியில் அவருக்கு மூன்று. எனக்கு எட்டு.

"அது பிரச்சினையே இல்லை அன்ரி.
மூன்றை எட்டாக்க ஒரு உளி காணும்."
விலை சொன்னார். கூட்டிச் சொன்னார்.
கூரை ஒழுகுகிறது; அதையும் நினைத்தேன்.

"ஒருக்கா ஸ்ராட் பண்ணுங்கோ தம்பி.
போனைக் கிட்டப் பிடியுங்கோ."

இரண்டு தரம் இருமியது.
மூன்றாம் தரம் பிடித்தது.
வேறு கார். எனக்கா தெரியாது?
ஆனால் அந்தத் திணறல்,
அந்தக் கொழுத்த மூச்சு

"தம்பி," என்றேன்,
"சோக்கை உள்ளே தள்ளுங்கோ."